அட்டையில் மாதிரி செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக் கண்காட்சிக்கு, கொலுவுக்கு, சும்மா ஆசைக்கு என்று அட்டையில் வீடும் கோயிலும் பாலமும் செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. உதாரணத்துக்கு இரண்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: தஞ்சைப் பெரிய கோயில் விமானம் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்), பாம்பன் புதிய ரயில் பாலம். முதலாவது அசையாமல் நிற்கும். இரண்டாவது ஏறி இறங்கும்.

எந்த அட்டை வாங்குவது?

வாங்கவே வேண்டாம். வீட்டுக்கு வரும் பார்சல் பெட்டி, மளிகைக் கடையில் பிரித்துப் போட்ட பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி போதும். பெட்டி அட்டையை 3 பிளை, 5 பிளை என்று சொல்வார்கள். இரண்டு தாளுக்கு நடுவே ஒரு நெளித்தாள் இருந்தால் 3 பிளை. தடிமன் 3, 4 மில்லிமீட்டர் வரும். இரண்டு நெளித்தாள் இருந்தால் 5 பிளை. 6, 7 மில்லிமீட்டர். சுவருக்கு 3 பிளை, அடிப்பலகைக்கு 5 பிளை. எண்ணெய் பட்ட பெட்டி மட்டும் வேண்டாம். அதில் பசையும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது.

நெளி இல்லாத கெட்டி அட்டையும் கொஞ்சம் தேவைப்படும். ஸ்டேஷனரி கடையில் மில் போர்டு என்று கேட்டால் கிடைக்கும். ஆனால் அதைவிட நல்ல சரக்கு வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது: போன வருடத் தினசரி காலண்டரின் அட்டை. தட்டையாக, கெட்டியாக, வளையாமல் இருக்கும். முன்பக்கம் சாமி படம் இருப்பதால் அதில் கத்தி வைக்கச் சிலருக்கு மனசு வராது. ஈரத்துணியைச் சற்று நேரம் போட்டு வைத்தால் படம் தனியாக உரிந்து வந்துவிடும். அட்டையைக் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். நுணுக்கமான வேலைக்குக் கல்யாணப் பத்திரிகை. அந்தத் தடித்த தாளில் வெட்டிய ஜன்னல் சட்டம் சார்ட் பேப்பரில் வெட்டியதைவிட நிமிர்ந்து நிற்கும்.

எதை எடுத்தாலும் வெட்டுவதற்கு முன் நெளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நெளி மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டிய சுவர் பாரம் தாங்கும். படுக்கை வாட்டில் ஓடினால் நசுங்கும். வளைய வேண்டிய பகுதிக்கு நேர் மாறாக யோசிக்க வேண்டும்: நெளி ஓடும் திசைக்கு இணையாக மடித்தால் அட்டை சுலபமாக மடியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும்.

தெர்மாகோல் இதைவிடச் சுலபமாச்சே?

சுலபம்தான். வெட்டும்போது வீடெல்லாம் வெள்ளை உருண்டை பறக்கும், ஓரம் பிய்ந்து நிற்கும், ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் கண் முன்னாலேயே உருகிப் பள்ளம் விழும். கண்காட்சி முடிந்ததும் குப்பையில் மக்காமல் கிடக்கும். 2017-ல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அதை மூடப் போட்டதற்கு அப்புறம் தெர்மாகோலைப் பார்த்தாலே நம் ஊரில் சிரிப்பு வேறு வருகிறது. பனிமலை செய்கிறவர்கள் பயன்படுத்தட்டும்.

கத்தரிக்கோல் போதாதா? எனக்கு ஓரம் நசுங்கிப்போகிறது.

நசுங்குவதற்குக் கத்தரிக்கோல்தான் காரணம். அது இரண்டு பக்கமும் அழுத்தித்தான் வெட்டும், நடுவில் இருக்கும் நெளி அந்த அழுத்தத்தைத் தாங்காது. சார்ட்டுக்கும் பத்திரிகை அட்டைக்கும் கத்தரிக்கோல், பெட்டி அட்டைக்குக் கட்டர். பிளேடைத் துண்டு துண்டாக ஒடித்துக்கொள்ளும் அகலமான கட்டர் ஒன்று, ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, இவ்வளவுதான் முதலீடு. பிளாஸ்டிக் ஸ்கேல் கூடாது. கட்டர் அதையும் சேர்த்துச் சீவிவிடும், அப்புறம் அந்த ஸ்கேலில் நேர்கோடே வராது.

வெட்டும் முறையைச் சொல்கிறேன். கீழே வேறொரு பழைய அட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேலை உங்களுக்கு வேண்டிய துண்டின் மேலே வையுங்கள். கத்தி வழுக்கினால் வேண்டாத பக்கம்தான் கெட வேண்டும். கட்டரைச் செங்குத்தாகப் பிடிக்காமல் நன்றாகச் சாய்த்து, முதல் இழுப்பில் மேல்தாளை மட்டும் கீறுங்கள். இரண்டாவது இழுப்பில் நெளி வெட்டுப்படும். மூன்றாவதில் கீழ்த்தாள். ஒவ்வொரு முறையும் அழுத்தம் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் ஓரம் பல்லிளிக்கும். வெட்டும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும்: கூரான பிளேடு சர்ரென்று போகும், மழுங்கியது கரகரக்கும். கரகரத்தால் பிளேடின் நுனியை ஒடித்துவிடுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கிய பிளேடுதான் வழுக்கி விரலில் ஏறும், ஏனென்றால் அதைத்தான் நாம் பலம் கொடுத்து அழுத்துகிறோம்.

அசிங்கமாக முடிந்த மாதிரிகளைப் பார்த்து, செய்தவருக்குக் கலைத்திறமை இல்லை என்று சொல்வார்கள். பத்துக்கு எட்டு, பிளேடு மாற்றாத கோளாறு.

எந்தப் பசை நல்லது? ஃபெவிக்விக் போட்டால் உடனே ஒட்டுமே?

அட்டை அதைக் குடித்துவிடும். ஒரு சொட்டு போட்டு இரண்டு நொடியில் பார்த்தால் ஈரம் மட்டும்தான் இருக்கும். அதோடு, பஞ்சிலோ பருத்தித் துணியிலோ பட்டால் அந்தப் பசை சட்டென்று சூடேறும். துடைக்கிறேன் என்று பஞ்சை எடுக்காதீர்கள்.

ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான் அட்டைக்குச் சரி. அதில் இருக்கும் தண்ணீர் வெளியேறித்தான் அது இறுக வேண்டும். அதனால் நிறையப் போட்டால் நன்றாக ஒட்டும் என்பது தப்புக் கணக்கு; காய நேரமாகும், அட்டையும் ஊறும். பழைய பத்திரிகை அட்டையில் சின்னத் துண்டு வெட்டி அதைக் கரண்டியாக்கி, மெல்லிசாக இழுத்துவிடுங்கள். ஒட்டிய மூலையை மாஸ்கிங் டேப்பால் பிடித்து நிறுத்துங்கள், அல்லது இரண்டு குண்டூசியைச் சாய்த்துக் குத்திவையுங்கள். துணிக்கு மாட்டும் கிளிப்பும் உதவும். அரை மணியில் கையை எடுக்கலாம். பாரம் ஏற்ற வேண்டுமென்றால் ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும்.

க்ளூ கன் வேகமானது. ஆனால் சூடான பசை தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். சின்னப் பிள்ளைகள் கையில் தர வேண்டாம். மூலையின் உட்பக்கம், வெளியே தெரியாத இடம் ஆகியவற்றுக்கு மட்டும் பெரியவர்கள் பயன்படுத்தலாம்.

மைதா பசை தாளோடு தாள் ஒட்ட அருமை. ஆனால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். பைண்டிங் செய்கிறவர்கள் அதற்காக மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் கலக்காதீர்கள்.

மடிக்கும் இடத்தில் தாள் வெடிக்கிறது.

மை தீர்ந்த பேனாவால், ஸ்கேல் வைத்து, மடிப்புக் கோட்டை நன்றாக அழுத்தி இழுங்கள். நெளி அந்த இடத்தில் மட்டும் படுத்துவிடும், அப்புறம் மடித்தால் வெடிக்காது. வட்டமான சுவர் வேண்டுமென்றால் (கலங்கரை விளக்கம், கிணறு) ஒரு பக்கத் தாளை மட்டும் உரித்து எடுத்துவிட்டு உருட்டுங்கள். மிச்சமிருக்கும் அட்டை பாய் மாதிரி சுருளும்.

அளவை எப்படிக் கணக்கிடுவது?

நிஜத்தின் அளவை ஒரே எண்ணால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். வீடு என்றால் 1:50 வசதி. 170 சென்டிமீட்டர் ஆள் 3.4 சென்டிமீட்டர் ஆகிவிடுவார். பெரிய கட்டடத்துக்கு 1:200. எண்ணை முடிவு செய்வதற்கு முன்னால் எங்கே வைக்கப்போகிறீர்கள், எதில் கொண்டுபோவீர்கள் என்று யோசியுங்கள். அடிப்பலகை இரண்டடிக்கு ஒன்றரை அடிக்கு மேல் போனால் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போவது கஷ்டம்.

மனிதர், மாடு, வண்டி என்று எதை வைத்தாலும் அதே கணக்குக்குள் வர வேண்டும். பிரம்மாண்டமான கோயிலைச் செய்துவிட்டு, வாசலில் கோபுரத்தில் பாதி உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் யானையை நிறுத்தினால் கோயில் பொம்மை வீடாகிவிடும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் நல்ல செய்தி: ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்த அந்த விமானம் கருங்கல் நிறத்திலேயே நிற்பது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் போலப் பல வண்ணம் தீட்ட வேண்டியதில்லை. பெட்டி அட்டையின் பழுப்பு நிறமே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும்.

உயரம் 216 அடி என்று சொல்வார்கள், அதாவது ஏறத்தாழ 66 மீட்டர். 1:200 வைத்தால் 33 சென்டிமீட்டர். அடிப்பக்கம் சுமார் 30 மீட்டர் சதுரம். மாதிரியில் 15 சென்டிமீட்டர். கீழே இரண்டு மாடி உயரத்துக்கு நேர்ச்சுவர், அதற்கு மேல் குறுகிக்கொண்டே போகும் 13 தளங்கள், உச்சியில் எட்டுப்பட்டை சிகரம், கலசம். நான் 33 சென்டிமீட்டரை இப்படிப் பிரிப்பேன்: நேர்ச்சுவர் 8, தளங்கள் 18, சிகரமும் கலசமும் 7. அளவுநூல் பிடித்த துல்லியம் கிடையாது, ஆனால் பார்த்தால் தஞ்சாவூர் என்று தெரியும்.

தளங்களுக்கு 5 பிளை அட்டை. தளத்துக்கு 14 மில்லிமீட்டர் உயரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சதுரம் அடுக்கினால் சரியாக வரும். (பெட்டிக்குப் பெட்டி தடிமன் மாறும், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.) முதல் தளம் 15 சென்டிமீட்டர், அடுத்தது அதைவிட 9 மில்லிமீட்டர் குறைவு, அதற்கு அடுத்தது இன்னும் 9 குறைவு என்று போனால் பதின்மூன்றாவது 4.2 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். ஒவ்வொரு தளத்திலும் மேலே வைக்கும் சதுரம் முழு அளவு. கீழே வைப்பது 6 மில்லிமீட்டர் சிறியது. இந்தச் சின்ன வித்தியாசத்தால் ஒவ்வொரு தளத்துக்கும் கீழே ஒரு நிழல் கோடு விழும். அந்த நிழல்தான் விமானத்தை விமானமாகக் காட்டுகிறது. ஒரே அளவில் இரண்டையும் அடுக்கினால் படிக்கட்டு மாதிரி இருக்கும்.

சதுரங்களை நடுவில் சரியாக அடுக்குவதற்கு, எல்லாவற்றிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு, கோடுகள் வெட்டும் இடத்தில் துளையிட்டு, ஒரு மூங்கில் குச்சியில் கோத்துவிடுங்கள். ஓரங்களைப் பத்திரிகை அட்டைப் பட்டையால் மூடி, அதில் சின்னச் சின்ன மாடங்களை ஒட்டலாம். எல்லாச் சிற்பத்தையும் காட்ட நினைக்காதீர்கள். 1:200-ல் ஒரு ஆள் உயரச் சிலை ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. பட்டையில் ஆணி நுனியால் வரிசையாக அழுத்திய புள்ளிகளே கண்ணுக்குச் சிற்பமாகத் தெரியும். சிகரத்துக்கு, பாதியாக வெட்டிய சின்ன ரப்பர் பந்தின் மேல் நாளிதழ்த் துண்டுகளை வெள்ளைப் பசையில் நனைத்து மூன்று நான்கு அடுக்கு ஒட்டி, பாதி காய்ந்ததும் எட்டுப் பட்டை வரும்படி அழுத்திச் சீர் செய்யுங்கள். உச்சி மேடையின் மூலைக்கு இரண்டாக எட்டு நந்திகள் உண்டு, மறந்துவிடாதீர்கள். அதற்குக் காகிதக் கூழ் உருண்டை போதும். கலசம்: பல்குச்சியில் கோத்த பாசிமணி.

செய்து முடித்தபின் வெயிலில் வைத்துப் பாருங்கள். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு கதை சுற்றுகிறது. காலையில் உங்கள் மாதிரியின் நிழல் தரையில் நீளமாக விழும், நிஜக் கோயிலுக்கும் அப்படித்தான். சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே நிற்கும்போது மட்டும், கீழே அகலமாக இருப்பதால் நிழல் அதன் மேலேயே விழுந்து முடிந்துவிடும். கண்காட்சியில் ஒரு டார்ச் லைட்டை வைத்து இதைக் காட்டினால் கூட்டம் சேரும்.

அசையும் மாதிரி வேண்டும், ஆனால் மோட்டார் வேண்டாம். முடியுமா?

பாம்பன் பாலம் செய்யுங்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, இரு கதவு போல மேலே தூக்கிக்கொண்டது. ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் போல மேலே ஏறும். மாதிரிக்குப் புதியதுதான் எளிது.

தூக்கும் பகுதி 72.5 மீட்டர், ஏறும் உயரம் 17 மீட்டர். 1:100 என்றால் 72.5 சென்டிமீட்டர் பாலம், 17 சென்டிமீட்டர் ஏற வேண்டும். பெரிதாகத் தெரிந்தால் 1:200-க்கு மாறிக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கோபுரம். 1:100-ல் 35 சென்டிமீட்டர் வைத்தால் தாராளம். கோபுர அட்டையில் நெளி செங்குத்தாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் நூல் இழுக்கும்போது இடுப்பு வளையும்.

சூட்சுமம் எதிர் எடையில் இருக்கிறது. நிஜப் பாலத்திலும் கோபுரங்களில் பாலத்தின் எடைக்கு ஈடான பாரம் தொங்குகிறது. அதனால் மோட்டார் முழு எடையையும் தூக்குவதில்லை, உராய்வைச் சமாளித்தால் போதும். மாதிரியில் ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் ஒரு கப்பி: இரண்டு பாட்டில் மூடிகளை முதுகோடு முதுகு ஒட்டி, நடுவே காலி ரீஃபில் துண்டைச் செருகி, அதற்குள் ஊக்குக் கம்பி. கப்பி வழியாகப் போகும் நூலில் ஒரு முனை பாலத்தில், மறுமுனையில் ஒரு காலித் தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் சில்லறைக் காசைப் போட்டுக்கொண்டே வாருங்கள். பாலத்தை எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கிறதா, சரி, போதும். அதற்குமேல் ஒரு விரலால் தூக்கிவிடலாம்.

சாயாமல் ஏற வேண்டுமே? அதற்குத் தனியாக நான்கு மூலைக்கும் நான்கு நூல். அவற்றைக் கோபுர உச்சி வழியாகக் கொண்டுபோய், கோபுரத்தின் உள்ளாக இறக்கி, அடிப்பலகைக்குக் கீழே கொண்டுபோய், எல்லாவற்றையும் ஒரே குச்சியில் சுற்றுங்கள். குச்சியைத் திருகினால் நான்கு மூலையும் ஒரே அளவு ஏறும். தையல் நூல் பஞ்சு பிரிந்து சிக்கும். தூண்டில் நரம்பு வழுக்கிக்கொண்டு போகும். கண்ணிலும் படாது.

வெட்டிய ஓரத்தில் நெளி தெரிகிறது, பார்க்க நன்றாக இல்லை.

பிரவுன் தாளில் பட்டை வெட்டி ஒட்டுங்கள். இல்லையென்றால் தெரியட்டும் என்று விட்டுவிடுங்கள். ஒரே சீராக எல்லா இடத்திலும் தெரிந்தால் அதுவும் ஒரு அழகுதான். பாதி மூடிப் பாதி விட்டால்தான் உறுத்தும்.

ஓட்டுக்கூரை, ஜன்னல், மரம் இதெல்லாம்?

பெட்டி அட்டையின் மேல்தாளை ஈரத்துணியால் தடவி உரித்தால் உள்ளே இருக்கும் நெளி வெளியே வரும். செங்காவி அடித்தால் நாட்டு ஓடு; சாம்பல் நிறம் அடித்தால் கடை ஷட்டர். கதவு, தூண், கிராதிக்கு எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியும் ஈர்க்குச்சியும். கண்ணாடிக்குப் புதுச்சட்டைப் பெட்டியின் மேல் இருக்கும் தெளிவான பிளாஸ்டிக். மரத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்துக் குச்சியில் சுற்றலாம்.

மலை, பாறை, மேடு வேண்டுமானால் காகிதக் கூழ். முட்டை அட்டையைக் கிழித்து ஒருநாள் ஊறவைத்து, கையால் மசித்து, பிழிந்து, வெள்ளைப் பசை சேர்த்துப் பிசையுங்கள். ஊர்ப்பக்கம் பாட்டிகள் பழைய காகிதத்தோடு வெந்தயத்தை அரைத்துச் சேர்த்து முறத்தில் பூசுவார்கள், கூடையே செய்வார்கள். வெந்தயக் கூழும் நன்றாகத்தான் பிடிக்கிறது. வாசனை மட்டும் சில நாள் இருக்கும்.

பெயிண்ட் அடித்ததும் அட்டை வளைந்துவிட்டது.

ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் வளையத்தான் செய்யும். பின்பக்கமும் ஒரு கை அடித்துவிட்டால் நிமிர்ந்துவிடும். தண்ணீர் அதிகம் கலக்காமல், மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள். அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்தபின் ஈரக்கையில் ஒட்டாது. போஸ்டர் கலர் ஒட்டும்.

உள்ளே விளக்கு வைக்கலாமா?

வெள்ளை எல்.இ.டி ஒன்றுக்கு 3 வோல்ட் போதும். ஒரு 3 வோல்ட் பொத்தான் செல்லின் இரு பக்கமும் எல்.இ.டியின் கால்களை வைத்து டேப் ஒட்டினால் எரியும். கொலுவுக்குப் போடும் சீரியல் செட்டைக் கரண்ட் இணைப்போடு அட்டைக்குள் நுழைக்காதீர்கள். பொத்தான் செல்லைக் கைக்குழந்தை எடுக்காதபடி நன்றாக மூடி ஒட்டிவிடுங்கள், விழுங்கினால் பெரிய ஆபத்து.

எந்த வயதிலிருந்து செய்யலாம்?

ஐந்து வயதில் பசை தடவலாம், பெயிண்ட் அடிக்கலாம். எட்டு வயதில் அளந்து கோடு போடலாம், சார்ட் வெட்டலாம். கட்டர், பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தால் பத்துப் பதினொன்றில். அதற்காக மற்ற வேலையையும் அப்பாவே செய்துவிடுவது நியாயமில்லை. கண்காட்சிக்குப் போனால் மேஜைக்கு மேஜை தெரியும், எது பிள்ளை செய்தது, எது அப்பா ராத்திரி கண் விழித்துச் செய்தது என்று. கோணலாக இருந்தாலும் "இந்தத் தீப்பெட்டி எதுக்கு?" என்று கேட்டவுடன் பாலம் செய்த பிள்ளை பதில் சொல்லும்.

நாளைக் காலையில் கொடுக்க வேண்டும். இப்போதுதான் சொல்கிறான்.

விமானத்தையும் பாலத்தையும் மறந்துவிடுங்கள். 1:50-ல் ஒரு திண்ணை வீடு: நான்கு சுவர், உரித்த நெளியில் ஒரு கூரை, ஊதுபத்திக் குச்சியில் இரண்டு தூண். ஒன்பது மணிக்குள் ஒட்டி முடித்து, மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் பெயிண்ட் அடிக்கக் கூடாது. ஈர வீட்டோடு ஸ்கூல் வேனில் ஏறினால் சட்டைதான் வண்ணமாகும்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம்தான் முதல் எதிரி, அடுத்தது கறையான். தரையில் வைக்காமல், சுவரில் ஒட்டாமல், பிளாஸ்டிக் கவரில் இரண்டு வேப்பிலைக் கொத்து போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் அடுத்த கொலு வரைக்கும் தாங்கும். கவருக்குள் வைப்பதற்கு முன் ஒருநாள் நல்ல வெயில் காட்டிவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடிக்கும். பொத்தான் செல்லைக் கழற்றிவிடவும்.